நான்கு வெறும் கதிரைகள்: 1931இல் யாழ்ப்பாணம் போடாத வாக்கு

1931 மே 4. இலங்கையின் முதலாவது அரசாங்க சபைத் தேர்தலுக்கு நியமனப்பத்திரம் ஏற்கும் நாள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கும் குடாநாட்டின் தொகுதிகள். நான்குக்கும் ஒரு பத்திரம்கூட வரவில்லை. ஆள் இல்லாமல் இல்லை. நிற்கக் கூடியவர்கள், நிற்க ஆசைப்பட்டவர்கள், நின்றால் வெல்லக் கூடியவர்கள் எல்லாரும் ஊரில்தான் இருந்தார்கள். ஆனால் ஒருவரும் நிற்கவில்லை. ஜூன் 13 தொடக்கம் 20 வரை நாடு வாக்குப் போட்டது. மக்கள் தெரிவுசெய்யும் 50 ஆசனங்களில் எங்கட நாலும் காலியாகக் கிடந்தன. அடுத்த மூன்று வருசமும் அப்படித்தான் கிடந்தன.

இந்தக் கதையை நாங்கள் தேடிப் போனதற்கு ஒரு காரணம் இருக்கு. 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் எங்களில் கனபேருக்கு அதுதான் முதல் வாக்கு. தமிழ்ப் பொது வேட்பாளருக்குப் போடுறதா, தெற்கில் வெல்லப்போகிற ஆளுக்குப் போடுறதா, போகாமலே விடுறதா எண்டு கன்ரீனில் நாள்கணக்காகச் சண்டை. பகிஷ்கரிக்கச் சொன்ன பக்கத்தில் இருந்து திரும்பத் திரும்ப வந்த ஒரு வசனம்: "31இலயே எங்கட ஆக்கள் செய்து காட்டினவை." எதிர்ப்பக்கத்தில் இருந்து வந்த பதில்: "அந்தப் பிழையாலதான் இண்டைக்கு இந்த நிலைமை." இரண்டு பக்கமும் 31ஐக் கல்லாக எடுத்து எறிந்தது. அந்த வருசம் உண்மையில் என்ன நடந்தது என்று பெரிதாக ஒருத்தருக்கும் தெரியாது.

முதலில் ஒரு விசயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1931இல் போடாமல் விட்டது ஏதோ ஒரு தேர்தலின் வாக்கு அல்ல. அது பெரும்பாலானவர்களுக்கு வாழ்க்கையின் முதல் வாக்கு.

அதற்கு முன்னர் சட்டசபைக்கு வாக்களிக்க வேண்டுமென்றால் ஆணாக இருக்க வேண்டும், எழுத வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும், குறித்த அளவு வருமானமோ சொத்தோ இருக்க வேண்டும். இந்தச் சல்லடையில் மிஞ்சியது இலங்கைச் சனத்தொகையில் ஏறத்தாழ 4 வீதம். 1927 நவம்பரில் டொனமூர் பிரபுவின் தலைமையில் ஒரு ஆணைக்குழு வந்து இறங்கி, 1928இல் அறிக்கை கொடுத்தது. அறிக்கையில் இருந்த வெடிகுண்டு சர்வசன வாக்குரிமை. 21 வயது ஆண்களுக்கு வாக்கு. பெண்களுக்கு 30 வயதில் என்று முதலில் எழுதி, பிறகு அதையும் 21க்கு இறக்கினார்கள். பிரித்தானியாவிலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயதில் வாக்கு வந்தது 1928இல்தான். சுவிற்சர்லாந்துப் பெண்கள் 1971 வரை காத்திருந்தார்கள். இந்தக் குட்டித் தீவுக்கு 1931இலேயே அது கிடைத்தது.

வானத்தில் இருந்து விழுந்ததென்றும் சொல்ல முடியாது. 1927இல் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் ஒன்று உருவானது. அதன் சார்பில் ஆணைக்குழுவின் முன் போய்ப் பேசியவர்களில் ஒருவர் அக்னஸ் டி சில்வா. தோட்டங்களில் வேலை செய்கிற இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குக் கேட்கிறீர்களா என்று டொனமூர் பிரபு அவரிடம் கேட்டாராம். மடக்குகிற கேள்விதான். அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று அக்னஸ் பதில் சொன்னார். (அந்தத் தோட்டத்துச் சனங்களின் வாக்கை 1948, 49ஆம் ஆண்டுச் சட்டங்கள் பறித்தது வேறு கதை. அதற்குத் தனிக் கட்டுரை வேணும்.)

யாழ்ப்பாணத்தில் இந்த அறிக்கையைப் பார்த்து முதலில் பதறியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். நாங்கள் தினமும் போய்வருகிற திருநெல்வேலி வளாகம் அவர் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரியின் நிலம். 1974இல்தான் அது பல்கலைக்கழக வளாகமானது. உள்ளே இருக்கிற பரமேஸ்வரன் கோயிலும் அந்தக் காலத்தின் மிச்சம். பெண்பிள்ளைகள் படிக்க 1913இல் இராமநாதன் கல்லூரியைத் தொடங்கிய அதே மனுசன், பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் வாக்குக் கொடுப்பதைக் கடுமையாக எதிர்த்தார். சைவ சமூக ஒழுங்கையே அது குலைக்கும் என்று வாதாடினார். தள்ளாத வயதில் இலண்டன் வரை போய் முறையிட்டார். 1930 நவம்பரில், தேர்தலைக் காணாமலே, காலமானார். அவரை இங்கே இழுப்பது வசை பாடுவதற்கல்ல. அவர் சத்தமாகச் சொன்னதை ஊரில் கனபேர் மனதுக்குள் வைத்திருந்தார்கள் என்பதற்காகத்தான். வாக்கு வேண்டாம் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு குரல் ஏற்கெனவே இருந்தது. அதன் காரணம் சுதந்திரம் அல்ல.

பகிஷ்கரிப்பைக் கொண்டுவந்தவர்களோ இராமநாதனுக்கு நேர் எதிரான பேர்வழிகள்.

1924இல் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியைச் சேர்ந்தவர்களை மையமாக வைத்து மாணவர் காங்கிரஸ் ஒன்று எழுந்தது. பின்னாளில் அதற்கு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர். ஹண்டி பேரின்பநாயகம் அதன் உயிர். தொடங்கும்போது அவருக்கு 25 வயது. எங்களில் சிலரைவிட மூன்று நாலு வயதுதான் கூட. 'ஒரேற்றர்' சுப்பிரமணியம் போன்றவர்கள் கூட நின்றார்கள். பெரும்பாலும் வாத்திமார், இளம் வழக்கறிஞர்கள், மாணவர்கள். 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் இவர்கள். கதர் உடுத்தார்கள். தாய்மொழியில் படிப்பு வேண்டும் என்றார்கள். சிங்களப் பிள்ளைகள் தமிழும் தமிழ்ப் பிள்ளைகள் சிங்களமும் படிக்க வேண்டும் என்றார்கள். தங்களுடைய மாநாடுகளுக்குத் தெற்கில் இருந்து சிங்களத் தலைவர்களைக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். இன்றைக்கு வாசிக்கும்போது இது கனவு மாதிரி இருக்கு.

இன்னும் முக்கியமானது, அவர்கள் சாதியைத் தொட்டார்கள். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் அது பேச்சுக்குச் சொல்கிற காரியம் இல்லை. கோயில் பூட்டு. கிணற்றில் அள்ள விடமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருக்க, பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் நிலத்தில் இருக்க வேண்டும், அல்லது வெளியில். 1930ஐ ஒட்டி உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டபோது, குடாநாட்டில் பள்ளிக்கூடங்கள் எரிந்தன. பிள்ளை வாங்கில் இருந்ததற்காகப் பள்ளிக்கூடத்தையே கொளுத்துகிற ஊர் அது. அந்த ஊரில் வாலிபர் காங்கிரஸ்காரர் சம ஆசனத்தை ஆதரித்து நின்றார்கள், சமபந்திப் போசனம் நடத்தினார்கள். ஆகவே ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றி அக்கறை இல்லாதவர்கள்தான் பகிஷ்கரித்தார்கள் என்று யாராவது எழுதினால் அது பொய்.

பிறகு ஏன் பகிஷ்கரித்தார்கள்? டொனமூர் தந்தது சுயராச்சியம் அல்ல என்பதால். வாக்குரிமை வந்தது சரி. ஆனால் பிரதம செயலாளர், நிதிச் செயலாளர், சட்டச் செயலாளர் என்று மூன்று வெள்ளைக்கார அதிகாரிகளின் கையில் முக்கியமான துறைகள் இருந்தன. அவர்களுக்கு மேலே எல்லாவற்றையும் மறுக்கக்கூடிய தேசாதிபதி. பக்கத்தில் இந்தியா கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம். 1920இலேயே சட்டசபைத் தேர்தலை இந்தியக் காங்கிரஸ் பகிஷ்கரித்திருந்தது. 1931 ஏப்ரலில் யாழ்ப்பாணத்தில் கூடிய வாலிபர் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தவர் கமலாதேவி சட்டோபாத்யாய. உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போய் வந்த பெண். அந்த மாநாட்டின் சூட்டில்தான் தீர்மானம் பிறந்தது: பூரண சுயராச்சியம் இல்லாத அரசியலமைப்பு வேண்டாம், தேர்தலும் வேண்டாம். யாழ்ப்பாணம் வழி காட்டினால் முழு இலங்கையும் பின்னால் வரும் என்று நம்பினார்கள்.

முழு இலங்கை வரவில்லை. பிலிப் குணவர்தன போன்ற தெற்கின் இடதுசாரி இளைஞர்கள் பாராட்டினார்கள். கொழும்பில் இருந்த பெரிய தலைகள் பேசாமல் போய் நியமனப்பத்திரம் கொடுத்தார்கள்.

வந்தவர்கள் யார் என்று பார்த்தால்தான் கதை சிக்கலாகிறது. யாழ்ப்பாணத்தின் மூத்த அரசியல்வாதிகள் வந்தார்கள். இளைஞர்கள் மேடையில் கேட்டதும், தேர்தலில் நிற்கப் புறப்பட்டவர்கள் ஒதுங்கினார்கள். எல்லாருக்கும் ஒரே இரவில் சுயராச்சிய ஆசை வந்துவிட்டதா? அப்படி நாங்கள் நம்பவில்லை. டொனமூர் ஆணைக்குழு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்து, தொகுதிவாரியாக ஆட்களைத் தெரிவுசெய்யச் சொன்னது. சபையில் தமிழருக்கு இருந்த பழைய பங்கு குறையப்போகிறது என்பது மூத்தவர்களின் கோபம். அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது. பின்னர் நடந்தவற்றைப் பார்த்தவர்கள் அதைச் சிரித்துத் தள்ள மாட்டார்கள். ஆனால் அது வேறு கோபம். இளைஞர்கள் 'இது போதாது, முழுச் சுதந்திரம் தா' என்றார்கள். மூத்தவர்கள் 'பழைய பங்கைத் தா' என்றார்கள். இராமநாதனின் வழியில் யோசித்தவர்களுக்கோ கூலிக்காரனும் பெண்டுகளும் வாக்குப் போடாத ஒரு தேர்தல் மனதுக்கு இதமாகவே இருந்திருக்கும். மூன்று தரப்பும் செய்தது ஒரே காரியம், ஒன்றும் செய்யாமல் விட்டது.

போடாத வாக்கில் கையெழுத்து இல்லை. புள்ளடி போட்ட சீட்டை எண்ணலாம். போடாததை அவரவர் விருப்பப்படி வாசிக்கலாம். சுயராச்சியத்துக்காக விட்ட நாலு கதிரைகளையும் கொழும்பு வெகு சீக்கிரமே தமிழரின் இனவாதமாக வாசித்தது. பேரின்பநாயகத்தின் ஆட்களுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருந்திருக்க முடியாது. அந்த நேரம் இனவாதத்துக்கு எதிராக நாட்டிலேயே கூடுதலாகக் கத்தியவர்கள் அவர்கள்தான்.

எங்களை நித்திரை கொள்ள விடாத கேள்வி இதுவும் இல்லை. அந்த வாக்கு யாருடையது என்பதுதான் அந்தக் கேள்வி.

வாலிபர் காங்கிரஸில் இருந்தவர்களில் பலர் பழைய முறையிலேயே வாக்குப் பெறக்கூடிய ஆண்கள். படிப்பு இருந்தது, சம்பளம் இருந்தது. வாக்கு இல்லாவிட்டாலும் அவர்களுக்கு மேடை இருந்தது, பத்திரிகை இருந்தது, ஆங்கிலத்தில் மனு எழுதக் கை இருந்தது. நிலத்தில் இருந்து படித்த பிள்ளையின் தகப்பனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அவருக்குப் புதிதாகக் கிடைத்தது ஒரு புள்ளடி மட்டும். அவருடைய மனிசிக்கும் அதே. அந்தப் புள்ளடி காணாது, அதைவிடப் பெரிது வரட்டும் என்று முடிவெடுத்தவர்கள் இந்த இரண்டு பேரையும் கேட்டார்களா? மாநாட்டில் கூடியவர்கள் தீர்மானித்தார்கள், நிற்க இருந்தவர்கள் விலகினார்கள். வேட்பாளர் இல்லாத இடத்தில் வாக்காளர் என்னதான் செய்யலாம்? பகிஷ்கரிக்கிற உரிமைகூட அவருக்கு இல்லை. வாக்குச்சாவடியே இல்லை.

'நின்றிருந்தாலும் நாலு தொகுதியிலும் படித்த உயர்சாதிக் கனவான்கள்தானே நின்றிருப்பார்கள், என்ன பெரிய மாற்றம்?' என்று எங்கட குழுவில் ஒருத்தர் கேட்டார். உண்மை. காணிக்காரன் சொன்ன ஆளுக்கே கனபேர் போட்டிருப்பார்கள், அதுவும் உண்மை. ஆனாலும் ஒன்று நடந்திருக்கும். அதுவரை யார் வீட்டு முற்றத்தில் கால் வைக்க மாட்டார்களோ, அந்த வீட்டுப் படலையைத் திறந்து 'உங்கட வாக்கைத் தாருங்கோ' என்று அந்தக் கனவான்கள் கேட்க வேண்டி வந்திருக்கும். ஒரு தரம் கேட்டவனிடம் அடுத்த தரம் விலை பேசலாம். இந்தக் கேள்வி ஒழுங்கைகளுக்குள் போய்ச்சேர யாழ்ப்பாணத்தில் மூன்று வருசம் பிந்தியது.

மூன்று வருசத்தில் பகிஷ்கரிப்பின் சூடு ஆறியது. இதுவும் இந்தியாவில் நடந்த கதைதான். 1920இல் பகிஷ்கரித்த காங்கிரஸிலேயே சி.ஆர். தாசும் மோதிலால் நேருவும் 1923இல் சுயராச்சியக் கட்சி கட்டிச் சட்டசபைக்குள் போனார்கள். 1934இல் நாலு தொகுதிக்கும் இடைத்தேர்தல் வந்தது. பருத்தித்துறையில் ஜீ.ஜீ. பொன்னம்பலம் வென்றார். ஊர்காவற்றுறையில் நெவின்ஸ் செல்வதுரை. யாழ்ப்பாணத்தில் அருணாசலம் மகாதேவா, இராமநாதனின் தம்பி மகன். காங்கேசன்துறையில் சு. நடேசன், இராமநாதனின் மருமகன். வாலிபர் காங்கிரஸ் எந்த யாழ்ப்பாணத்தை மாற்றப் புறப்பட்டதோ, அந்த யாழ்ப்பாணம் பாதிக் கதிரைகளில் திரும்ப வந்து இருந்தது. இளைஞர்களின் இயக்கமோ அதற்குப் பிறகு பழைய பலத்தோடு எழும்பவே இல்லை.

அமெரிக்காவில் இருந்து ஒரு ஒப்பீடு. 1956 ஜனாதிபதித் தேர்தலில் தான் வாக்களிக்கப் போவதில்லை என்று டபிள்யூ.ஈ.பி. டூ போய்ஸ் 'த நேஷன்' சஞ்சிகையில் எழுதினார். கறுப்பின மக்களின் மிகப் பெரிய அறிஞர், எண்பது வயது தாண்டியவர். இரண்டு கட்சியும் ஒன்றுதான், தெரிவு என்று ஒன்றில்லை என்பது அவருடைய வாதம். அதற்கு முதல் வருசம் மிசிசிப்பியில் ஜோர்ஜ் லீ என்ற போதகர் சுட்டுக் கொல்லப்பட்டார். கறுப்பினத்தவர்களை வாக்காளராகப் பதியச் செய்ததுதான் அவர் செய்த குற்றம். ஒருவர் வாக்கை மனச்சாட்சிக்காக விடுகிறார். இன்னொருவர் வாக்குக்காக உயிரை விடுகிறார். யார் சரி என்று நாங்கள் தராசு பிடிக்கவில்லை. டூ போய்ஸ் விட்டது தன்னுடைய வாக்கை என்பதை மட்டும் கவனியுங்கோ.

எங்கட பக்கத்தில் பிறகு நடந்தவற்றில் அந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகிறது. 1994 பாராளுமன்றத் தேர்தலில் குடாநாட்டின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில். தீவுப்பகுதிகளில் விழுந்த வாக்குகளோடு, பத்தாயிரம் சொச்சம் வாக்குகளுக்கு ஒரு கட்சி யாழ்ப்பாண மாவட்டத்தின் 10 ஆசனங்களில் ஒன்பதை எடுத்துக்கொண்டு போனது. கதிரை எப்போதும் காலியாகவே கிடக்காது, யாராவது வந்து இருப்பார்கள். 2005 நவம்பர் 17 ஜனாதிபதித் தேர்தலில் யாழ். மாவட்டத்தில் பதிவு செய்தவர்கள் 701,938 பேர். போட்டவர்கள் 8,524. வீதத்தில் 1.21. நாடு முழுக்கச் சேர்த்து மகிந்த ராஜபக்ச வென்றது 180,786 வாக்குகளால். இந்த இலக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு மாதிரி இருக்கும். ஆனால் 2005ஐ 1931இன் தொடர்ச்சி என்று சொல்வதை நாங்கள் ஏற்கமாட்டோம். 31இல் மேடை போட்டு, வாதாடி, மற்றவர்களை இணங்க வைத்தார்கள். 2005இல் நடந்தது வற்புறுத்தப்பட்ட பகிஷ்கரிப்பு என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்பாளர்கள் எழுதினார்கள். இங்கே இருந்த எங்கட வீட்டுக்காரர் யாரும் அதை வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குள் இருந்த ஏழு இலட்சம் பேரில் எத்தனை பேர் கொள்கைக்காக இருந்தார்கள், எத்தனை பேர் பயத்துக்காக இருந்தார்கள் என்று எந்தப் பெட்டியை உடைத்து எண்ணுவது?

2024இல் ஜனாதிபதித் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின் கட்சி. 1934இல் பகிஷ்கரிப்பு முடிந்த கையோடு பருத்தித்துறையில் வென்று அரசியலில் ஏறிய ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின் பேரன் அவர். வரலாற்றுக்குப் பகிடி விடத் தெரியும். அந்த முறை எங்களில் சிலர் போட்டோம், சிலர் போடவில்லை. போடாதவர்கள் யாரையும் போடாமல் தடுக்கவில்லை, அந்த மட்டில் எங்களுக்குள் சண்டை இல்லை. ஆனால் 'தமிழர் பகிஷ்கரிக்கிறோம்' என்று பன்மையில் சொன்னபோதெல்லாம் ஒருத்தராவது எழும்பி 'எந்தத் தமிழர்? ஆரைக் கேட்டனீங்கள்?' என்று கேட்டோம். இந்தக் கட்டுரையில் 'நாங்கள், நாங்கள்' என்று எழுதும்போதும் அந்தக் கேள்வி எங்களுக்கும் உறைக்கிறது.

ஹண்டி பேரின்பநாயகம் பிறகு என்ன செய்தார் என்று தேடினோம். 1947இல், சுதந்திரத்துக்கு முந்திய பொதுத் தேர்தலில், வட்டுக்கோட்டையில் சுயேச்சையாக நின்றார். பதினாறு வருசத்துக்கு முன் வாக்கே வேண்டாம் என்று ஊரை இணங்க வைத்தவர் வீடு வீடாக வாக்குக் கேட்டார். தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளர் கே. கனகரத்தினத்திடம் தோற்றார். 1977இல் காலமானார். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் இருந்து ஒருவர், த. இராசலிங்கம், முதன்முதலாக யாழ்ப்பாணத்து மக்களின் வாக்கால் பாராளுமன்றம் போனதும் அந்த வருசம்தான், உடுப்பிட்டியில் இருந்து.